சென்னை பால்கனியில் சக்குலன்ட் வளர்க்க: வாங்குவதற்கு முன்பே தொடங்கும் வேலைகள்

முதல் ஒரு வருடத்தில் நான் 14 சக்குலன்ட், அதாவது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடிகள் வாங்கினேன். 11 செத்துப்போயின. மே மாதம் ஆன்லைனில் வரவழைத்த ஆறில் ஐந்து, ஜூலைக்குள் அழுகிவிட்டன. மனம் கேட்காமல் அக்டோபரில் வாங்கிய எட்டில் ஆறு, பொங்கலைப் பார்க்கவில்லை. தொட்டியும் மண்ணும் சேர்த்து ஏறக்குறைய 6,000 ரூபாய் போனது. பணத்தைவிட, தினமும் காலையில் எழுந்து பார்த்துப் பார்த்து வளர்த்த செடி கையோடு கழன்று வருவதுதான் வருத்தம். மூன்றாவது முறை ஜனவரியில், வேலைகளின் வரிசையை மாற்றித் தொடங்கினேன். அதற்கப்புறம் நான்கு வருடங்கள் ஆகின்றன. இப்போது பால்கனியில் 23 தொட்டிகள் இருக்கின்றன.

நான் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடியில். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். மதுரை, திருச்சிப் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, அதனால் தண்ணீர் சற்று அடிக்கடி தேவைப்படும். கோவை, ஓசூர், பெங்களூரில் இரவு குளிரும் என்பதால் நான் வேண்டாம் என்று சொல்லும் சில செடிகளைக்கூட நீங்கள் தைரியமாக வளர்க்கலாம்.

செடி வாங்குவது இந்த வரிசையில் ஐந்தாவது வேலை. முதல் நான்கையும் முடிக்காமல் கடைப்பக்கம் போகாதீர்கள்.

1. ஒரு நாள் முழுக்க வெயிலைப் பாருங்கள்

விடுமுறை நாளில் காலை 8, 11, மதியம் 2, மாலை 4 மணிக்கு, செடி வைக்கப்போகும் இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரடியாக எத்தனை மணி நேரம் விழுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கிழக்குப் பார்த்த பால்கனியில் மூன்று, நான்கு மணி நேரம் இளவெயில் கிடைத்தால் பெரும்பாலான சக்குலன்ட்களுக்கு அது போதும். மேற்கில் மதியத்துக்கு மேல் வெயில் கொளுத்தும். அங்கே அடீனியம் (பாலைவன ரோஜா), கள்ளி வகைகள் தாங்கும். மென்மையான இலை உள்ளவை வெந்துவிடும். தெற்குப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் வெயில் நன்றாக உள்ளே வரும்.

வடக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வடக்குப் பால்கனி என்றால் எப்போதும் நிழல் என்று நானும் நினைத்திருந்தேன். சென்னை இருக்கும் இடத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதமெல்லாம் நிழலாக இருந்த வடக்குப் பால்கனியில் சரியாகக் கத்திரி வெயில் நேரத்தில் நேர் வெயில் விழும். ஜனவரியில் பார்த்துவிட்டு இங்கே நிழல்தான் என்று முடிவு செய்தால், மே மாதம் இலைகள் கருகிய பிறகுதான் தெரியவரும்.

அதே போல மழையையும் யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்கு, வடக்குப் பால்கனிகளுக்குள்தான் அதிகம் அடிக்கும். அந்த மூன்று மாதம் தொட்டிகளை எங்கே நகர்த்தி வைப்பது என்று இப்போதே ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் மேசை மேல் வைத்து வளர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜன்னலை ஒட்டி இருந்தால் சில வகைகளுக்குச் சரி. அறையின் நடுவில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் எந்தச் சக்குலன்டும் நெடுநாள் தாங்காது. வெளிச்சம் தேடித் தண்டு நீண்டு, இலைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, நிறம் வெளுக்கும். நீண்ட தண்டு பிறகு சுருங்கவே சுருங்காது.

2. படத்தைப் பார்க்காமல், உங்கள் ஊர் இரவைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சக்குலன்ட்கள் தண்ணீரைச் சேமிப்பதற்காகப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து மூச்சு வாங்குகின்றன. இரவு குளிர்ந்தால்தான் அது நன்றாக நடக்கும். மே, ஜூனில் சென்னையின் இரவு பெரும்பாலும் 27, 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகல் வெயிலைத் தாங்கும் செடிகூட இந்தப் புழுக்கமான இரவில் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. வளராத செடி தண்ணீர் குடிக்காது. குடிக்காத தண்ணீர் மண்ணிலேயே நிற்கும், வேர் அழுகும். என் முதல் ஆறில் ஐந்து செடிகள் போனது இப்படித்தான்.

ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக, படத்தில் ஆசையைக் கிளப்புகிற எச்சிவேரியாக்கள் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதிச் செடிகள். நம் நாட்டில் ஆன்லைனில் விற்பவற்றில் நிறைய காலிம்பொங் போன்ற மலை ஊர்களிலிருந்து வருகின்றன. அந்தக் குளிரில் வளர்ந்து, நான்கைந்து நாள் பெட்டிக்குள் அடைபட்டு, நம் ஊர்ப் புழுக்கத்தில் வந்து இறங்குகின்றன. முதல் வருடம் எச்சிவேரியாவைத் தொடாதீர்கள். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் மற்ற செடிகளோடு கடந்த பிறகு ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள்.

தொடக்கத்துக்கு என் பரிந்துரை இது:

நல்ல வெயில் இருந்தால் அடீனியம், நர்சரிகளில் ஜேட் என்ற பெயரில் விற்கும் சின்ன உருண்டை இலைச் செடி (யானைகள் தின்னும் தென்னாப்பிரிக்கச் செடி இது, கிளை ஒடித்து நட்டாலே வரும்), பத்துமணிப்பூ, சோற்றுக்கற்றாழை. வெயில் குறைவு, வெளிச்சம் உண்டு என்றால் கற்றாழைச் சாயலில் சின்னதாக இருக்கும் ஹவர்தியா, காஸ்டீரியா, அல்லது பாம்புச்செடி. ஹவர்தியா அதன் சொந்த ஊரில் புதர்களின் நிழலில் வளர்வது, அதனால் காலை வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலும் திருப்தியாக இருக்கும். என் முதல் 14-ல் பிழைத்த மூன்று எவை என்றால் ஒரு ஹவர்தியா, ஒரு பாம்புச்செடி, ஒரு ஜேட்.

பிரண்டை, ரணகள்ளி இரண்டும் சதைப்பற்றுச் செடிகள்தான். பக்கத்து வீட்டில் கேட்டாலே ஒரு துண்டு தருவார்கள். கை பழகுவதற்கு இவற்றைவிட நல்ல செடி இல்லை. பிரண்டைத் துவையல் வேறு கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று: தலையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பந்து வைத்தது போல விற்கும் சின்னக் கள்ளி. அந்தப் பந்தில் பச்சையம் கிடையாது, அடியில் இருக்கும் டிராகன் ஃப்ரூட் இனத் தண்டில் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வளராததால் எவ்வளவு கவனித்தாலும் சில வருடங்களுக்கு மேல் நிற்பது கடினம். முதல் செடியாக அதை வாங்கி, அது போன பிறகு தன் கையே ராசியில்லை என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் குழந்தைகளோ பூனை, நாயோ இருந்தால் கவனம். கள்ளிகளில் பால் வடியும் வகைகளின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கண்ணுக்கே ஆபத்து. அடீனியத்தின் பாலும் விஷம். அவற்றை வெட்டும்போது கையுறை போடுங்கள், கை கழுவும் வரை முகத்தைத் தொடாதீர்கள்.

3. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சென்னைக்கு நல்ல நேரம் பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. மழை நின்றிருக்கும், இரவு 20, 21 டிகிரி வரை இறங்கும். வேர் பிடிக்க ஆறிலிருந்து எட்டு வாரம் கிடைக்கும். ஏப்ரல் வெயில் தொடங்கும்போது செடி காலூன்றி நிற்கும்.

அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட், செப்டம்பர். அப்போது வாங்கலாம், ஆனால் மழைக்கு முன் அவகாசம் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் புதுச் செடி வேண்டாம். தள்ளுபடி விலை என்று இந்த மாதங்களில் நிறைய விளம்பரம் வரும், அதையெல்லாம் கடந்து போய்விடுங்கள்.

4. தொட்டியும் மண் கலவையும் முதலில் தயாராகட்டும்

மண் தொட்டி வாங்குங்கள். அதன் சுவர் வழியாக ஈரம் வெளியேறும். கடலோர ஊரில் இந்த ஒரு வசதிக்கே அது பீங்கானைவிட மேல். செடியைவிட விரல்கடை அளவு மட்டும் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சின்னச் செடி வைத்தால் வேர் இல்லாத இடமெல்லாம் ஈரம் தங்கிவிடும். அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டை இல்லாத அழகான பீங்கான் கிண்ணத்தில் அடியில் கூழாங்கல் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சரியாகாது. தண்ணீர் கல்லுக்கு அடியில் தேங்கி நிற்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கலவைக்கு நான் வைத்திருக்கும் அளவு, ஒரு பழைய அரை லிட்டர் டப்பாவால்:

உடைத்த செங்கல் அல்லது பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) 3 டப்பா, கழுவிய பருமணல் 1 டப்பா, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய இலைமட்கு 1 டப்பா, வேப்பம்பிண்ணாக்குத் தூள் ஒரு சிட்டிகை.

செங்கல்லை விலைக்கு வாங்க வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் உடைந்த துண்டு கேட்டால் தருவார்கள். கோணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூளை மாவுச் சல்லடையில் சலித்துத் தள்ளிவிட வேண்டும். அந்தத் தூள்தான் பிறகு சேறாகி வேரைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றாலும் இதே கதைதான், சலித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவிக் காயவைத்த பிறகே சேர்க்க வேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு.

செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மாடித்தோட்டத்துக் காய்கறிகளுக்கு அருமையானவை. சக்குலன்டுக்கு நம் ஊரில் இரண்டும் ஆகாது. செம்மண் இறுகிவிடும். நார்த்தூள் நாள்கணக்கில் ஈரத்தை விடாது.  கடையில் "சக்குலன்ட் மிக்ஸ்" என்று விற்கும் பைகளிலும் பாதி நார்த்தூளாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கினால் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

கலவை சரியா என்று பார்க்க எளிய வழி: தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். பத்து நொடிக்குள் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம் போல நின்றால் இன்னும் கல் சேருங்கள்.

மூன்றாவது முறை தொடங்கியபோது நான் எழுதி வைத்த செலவு: நான்கு அங்குல மண் தொட்டி ஐந்து 175 ரூபாய், பியூமிஸ் 2 கிலோ 240, மண்புழு உரம் 2 கிலோ 60, சல்லடை 80, நிழல்வலை 300, வேப்பெண்ணெயும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் 180, செடிகள் ஐந்து 520. மொத்தம் 1,555. உங்கள் ஊரில் முன்பின் இருக்கும். இதில் செடியின் பங்கு மூன்றில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நான் முதலில் பணம் முழுவதையும் செடிக்கே கொடுத்தேன்.

5. இப்போது வாங்கலாம்

முதல் ஐந்தையும் நேரில் போய் வாங்குவது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நர்சரிகள் உண்டு. உங்கள் ஊர்க் காற்றிலேயே சில மாதங்கள் இருந்து பிழைத்த செடி அங்கே கிடைக்கும் என்பதுதான் காரணம். எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறது என்று கேளுங்கள், நேற்று லோடு இறங்கியது என்றால் வேறு எடுங்கள்.

தொட்டியோடு எடுத்து, தண்டின் அடிப்பகுதியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல் போல இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல். இலை இடுக்குகளில் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இலை முழுக்க விபூதி பூசியது போல மெல்லிய வெண்பொடி இருந்தால் அது நோய் இல்லை, வெயிலிலிருந்து காத்துக்கொள்ளச் செடி தானே பூசிக்கொண்டது. அதைத் துடைக்காதீர்கள், துடைத்த தடம் அந்த இலை உதிரும் வரை இருக்கும். மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கும் தொட்டி வேண்டாம். கள்ளியின் தலையில் காகிதம் போன்ற காய்ந்த பூ இருந்தால் லேசாக ஆட்டிப் பாருங்கள், பசையில் நிற்பது தெரிந்துவிடும்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்குச் சில காகித வேலைகள். நான் இவற்றைச் செய்யாமல் ஒரு பெட்டி முழுக்க அழுகி வந்தபோது பணம் திரும்பக் கிடைக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன், படத்தில் இருக்கும் அதே செடி வருமா, மாதிரிப் படமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியோடு வருமா, வெறும் வேரோடு வருமா, என்ன அளவு என்பதும் அதில் இருக்கட்டும். செத்து வந்தால் என்ன செய்வார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற விதியைப் படம் பிடித்து வையுங்கள். நிறைய விற்பனையாளர்கள் பெட்டி பிரிக்கும் வீடியோ கேட்பார்கள். முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், எல்லாச் செடியையும் பிரிக்கும் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். வியாழனுக்கு மேல் கிளம்பினால் ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் வேகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பெட்டியில் ஒரு செடி போட்டுவரச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். உயிருள்ள செடியை இந்தியாவுக்குள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் தேவை. அதற்கு மேல், கள்ளிக் குடும்பத்தில் பெரும்பாலானவையும், சோற்றுக்கற்றாழை தவிர மற்ற கற்றாழை இனங்களும் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் பட்டியலிடப்பட்டவை, அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். இது தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது உங்கள் சித்தப்பாவாக இருக்கும்.

6. முதல் மூன்று வாரம்

செடி வந்த அன்றே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வேரைச் சுற்றி ஈர நார்த்தூள் உருண்டையாகப் பிடித்திருக்கும். சில சமயம் அதற்குள் வலைப்பை ஒன்றும் இருக்கும், வேர் அதில் நெரிபட்டுக் கிடக்கும். பொறுமையாக உதிர்த்து, வலையைக் கத்தரித்து எடுங்கள். உதிராவிட்டால் ஓடும் தண்ணீரில் அலசலாம். கறுத்து, இழுத்தால் நார் போல வரும் வேர்களை வெட்டிவிடுங்கள்.

அப்புறம் நிழலில், காற்றோட்டமாக, ஒரு செய்தித்தாளின் மேல் இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். அறுந்த வேர்கள் காயம் ஆற வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தொட்டி ஓட்டைமேல் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து, காய்ந்த கலவையில் நட்டு, தண்ணீர் ஊற்றாமல் மேலும் ஐந்து நாள் விடுங்கள். ஆறாம் நாள் முதல் தண்ணீர். வேர் இல்லாமல் வந்த செடி என்றால் பத்து நாள் பொறுக்கலாம்.

இந்த மூன்று வாரமும் நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். பிறகு காலை வெயிலில் முதல் மூன்று நாள் அரை மணி, அடுத்த மூன்று நாள் ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். நர்சரி நிழல்வலைக்கு அடியில் இருந்த செடியை வந்த அன்றே வெயிலில் வைத்தால் இலைகளில் வெந்த தழும்பு விழும், அது ஆறாது.

எந்தத் தேதியில் வந்தது, எப்போது நட்டது, முதல் தண்ணீர் எப்போது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஏதாவது கெட்டால் காரணம் கண்டுபிடிக்க அந்த நோட்டு மட்டும்தான் உதவும்.

7. தண்ணீர்

வாரம் ஒருமுறை, தினம் ஒரு ஸ்பூன் என்ற கணக்குகளையெல்லாம் விட்டுவிடுங்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி எடுத்துத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். குச்சி நிறம் கறுத்தோ தொட்டால் ஜில்லென்றோ இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்து வந்தால், மேலும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றுங்கள்.

ஊற்றும்போது அடியில் ஒழுகும்வரை தாராளமாக ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலை அடுக்கின் நடுவில் தண்ணீர் நின்றால் ஊதியோ பஞ்சால் ஒற்றியோ எடுங்கள். ஸ்பிரே பாட்டிலால் இலைமேல் தெளிப்பதில் பயன் எதுவும் இல்லை. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே போதுமான ஈரம் உண்டு. நனைந்த இலைதான் பூஞ்சைக்கு வாசல்.

என் பால்கனியில், மண் தொட்டியில், நோட்டில் உள்ளபடி: ஜனவரி முதல் மார்ச் வரை எட்டு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை அடீனியத்துக்கும் ஜேடுக்கும் நான்கைந்து நாள், ஹவர்தியாவுக்கு எட்டு நாள், சூரியன் இறங்கிய பிறகு. மழைக்காலத்தில் சாரல் படாத இடத்தில் இருந்தும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் தேவைப்பட்டது. உங்கள் குச்சி வேறு சொன்னால் குச்சியை நம்புங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் அதுவே மேல்.

இப்போது பலரும் ஏமாறும் இடம். இலை சுருங்கினால் தாகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வேர் அழுகிய செடியும் தண்ணீரை இழுக்க முடியாமல் இலை சுருங்கும். அதைத் தாகம் என்று நினைத்து நான் மேலும் மேலும் ஊற்றினேன். மண் காய்ந்து இலை சுருங்கியிருந்தால் தாகம், ஊற்றுங்கள், இரண்டு நாளில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால் உடனே பிடுங்கி வேரைப் பாருங்கள். இலை மஞ்சளாகி, கண்ணாடி போலத் தெரிந்து, தொட்டாலே விழுந்தால் அது அதிகத் தண்ணீர், சந்தேகமே வேண்டாம்.

வீட்டில் மற்றவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா துளசிக்கு ஊற்றும்போது பாவம் இதுவும் காய்கிறதே என்று சக்குலன்டுக்கும் ஒரு கை ஊற்றிவிடுவார். அன்பாகச் செய்வதைத் தடுக்க முடியாது. துளசியையும் இவற்றையும் வேறு வேறு பக்கம் வைத்ததில் சிக்கல் தீர்ந்தது.

8. கத்திரியும் கார்த்திகையும்

மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பே 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். அடீனியத்துக்கு வேண்டியதில்லை. மற்றவை 11 மணிக்கு மேல் வலைக்கு அடியில் இருக்கட்டும். தொட்டிகளைச் சூடேறும் தரையில் வைக்காமல் மரப்பலகையிலோ செங்கல் மேலோ உயர்த்தி வையுங்கள். இந்த மாதங்களில் உரம், தொட்டி மாற்றுவது, வெட்டுவது எதுவும் வேண்டாம்.

ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் சென்னைக்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மழையைவிட அதற்குப் பிறகு நாள்கணக்கில் வெயில் வராமல் காற்று நின்று போவதுதான் செடிகளைக் கொல்லும். சாரல் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்தால் பகலில் இரண்டு மணி நேரம் மின்விசிறி ஓடட்டும். அடீனியம் இலை உதிர்த்தால் பயப்பட வேண்டாம், தண்ணீரை மட்டும் நிறுத்துங்கள். கைப்பிடிச்சுவர் மேல் தொட்டி வைத்திருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் இறக்கிவிடுங்கள். கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

9. பூச்சியும் அழுகலும்

மாவுப்பூச்சி வராத வீடு இல்லை. ஒரு செடியில் பார்த்ததும் அதைத் தனியே தூக்கி வையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை, மூன்று முறை செய்ய வேண்டும், முட்டைகள் மிச்சம் இருக்கும். வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளித்துவிட்டு மறுநாள் வெயிலில் வைத்தால் இலை கருகும். எறும்பு வரிசை தொட்டிக்குள் போகிறது என்றால், உள்ளே வேரில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பிடுங்கிப் பாருங்கள். எறும்புகள் அதன் இனிப்புக் கழிவுக்காக அதைப் பாதுகாக்கும்.

தண்டு அடியில் கறுத்திருந்தால் அன்றே வேலை செய்ய வேண்டும், மறுநாள் தாமதம். புதுப் பிளேடைச் சுடர் காட்டி, கறுப்புக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். முழுக்கப் பச்சையோ வெள்ளையோ வரும்வரை நிறுத்தாதீர்கள். உரக்கடையில் கார்பென்டாசிம், மாங்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லித் தூள் கிடைக்கும், கையுறை போட்டுக்கொண்டு வெட்டில் லேசாகத் தடவலாம். ஐந்து நாள் நிழலில் காய்ந்த பிறகு, காய்ந்த கலவைமேல் சும்மா உட்கார வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும். பழைய மண்ணை மறுபடி எந்தச் சக்குலன்டுக்கும் போடாதீர்கள்.

10. பக்கக் கன்றுகள்

ஹவர்தியா, கற்றாழை இரண்டும் பக்கத்தில் கன்று விடும். தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்த பிறகு, தனி வேரோடு பிரித்தெடுங்கள். ஜேட் கிளையை ஒடித்து நான்கு நாள் காயவைத்து நடலாம். பாம்புச்செடி இலையைத் துண்டாக்கியும் நடலாம், மேல் கீழ் மாறக்கூடாது; மஞ்சள் ஓரம் உள்ள வகை இப்படி வளர்த்தால் மஞ்சள் இல்லாமல் பச்சையாகத்தான் வரும், அதற்குக் கிழங்கோடு பிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மாதம் அதே ஜனவரி, பிப்ரவரி.

11. ஊருக்குப் போகும்போது

இரண்டு வாரப் பயணம் என்றால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன், குச்சி காய்ந்து வரும் தொட்டிகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது சக்குலன்ட் தொட்டிகளில் "தண்ணீர் வேண்டாம்" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.